வாளி இல்லாத வீடு

மெற்றில்டாவின் கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் இருபத்தாறு டிகிரி என்று அளவுப் பெட்டி காட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரோ முப்பத்திரண்டில் இருந்தது. இது சட்டப்படி குற்றம், ஆளை உள்ளே தள்ளக்கூடிய குற்றம். அதைச் செய்துகொண்டிருந்தவள் ஊருக்கே சாலை விதி சொல்லிக்கொடுக்கிறவள் என்பதுதான் வேடிக்கை.

தூத்துக்குடியில் முக்கால்வாசிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது மெற்றில்டா டிரைவிங் ஸ்கூல்தான். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகு வண்டியை நகர்த்தினால் பக்கத்து சீட்டில் இருந்து அவள் விடுகிற வசவில் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கலெக்டர் ஆபீஸ் ஆட்களையே எட்டு போடவைத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டவள். அப்பேர்ப்பட்டவள் காலையில் இருந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். பவளத் துறையில் இருந்து விசாரணைக்கு ஆள் வருகிறது.

பவளத் துறை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடல் சூடேறி, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கிடந்த பவளப்பாறைகள் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தபோது அரசாங்கம் விழித்துக்கொண்டு உண்டாக்கிய துறை அது. மிச்சமிருந்த உயிர்ப்பவளத்தைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, ஆசையும் இடமும் இருக்கிற வீடுகளில் தொட்டி கட்டி வளர்க்கக் கொடுத்தார்கள். வாசலில் 'வளர்ப்பு வீடு' என்று நீலப் பலகை அடித்தார்கள். கடல் ஆறியதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவரைக்கும் அது அரசாங்கத்துச் சொத்து, சாகவிட்டால் கேஸ்.

தொட்டியோடு ஒரு பெட்டியும் வந்தது. பெட்டியில் இருந்து நீளும் கம்பி தண்ணீருக்குள்ளேயே கிடந்து சூடு, உப்பு, அழுக்கு எல்லாவற்றையும் அளந்து சென்னைக்குச் சொல்லும். சூடு கொஞ்சம் ஏறினாலும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். என்ன செய்தாலும் குறை கண்டுபிடித்து மேலிடத்தில் போட்டுக்கொடுப்பதால் ஜனங்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாமியாருக்கு ஒரே பிடிவாதம், இருபத்தாறு. பகலும் இருபத்தாறு, ராத்திரியும் இருபத்தாறு. தண்ணீர் பளிங்காக இருக்க வேண்டும். பாசி கூடாது, புழு கூடாது, மண் கூடாது. வாரம் தவறாமல் தண்ணீர் மாற்ற வேண்டும்.

மெற்றில்டாவும் முதலில் சொன்னது சொன்னபடிதான் செய்தாள். பவளம் சாகவில்லை, அவ்வளவுதான். வளரவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற ஆள்போலச் சோகை பிடித்துக் கிடந்தது. அப்புறம் ஒரு கோடையில் தண்ணீரைக் குளிரவைக்கிற மிஷின் படுத்துவிட்டது. மாமியார் கத்தப்போகிறாளே என்ற பதற்றத்தில் கம்பியை உருவி, தொட்டிக்குக் கீழே அலமாரியில் மாற்றுவதற்காகப் பிடித்து வைத்திருந்த ஒரு வாளிக் கடல்தண்ணீரில் ஐஸ் பையை மிதக்கவிட்டு அதில் போட்டாள். மெக்கானிக் வருகிற வரைக்கும்தானே என்று நினைத்தாள். மெக்கானிக் மறுநாள்தான் வந்தான். அதற்குள் பவளம் போயிருக்கும் என்று பயந்துகொண்டே தொட்டியைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுருண்டு கிடந்தது அத்தனையும் கிளைக்குக் கிளை பூப்பூவாக விரிந்து, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். கடலில் எவன் உட்கார்ந்து இருபத்தாறில் வைத்தான் என்று யோசித்தாள். வற்றம் வந்து கடல் உள்வாங்கினால் கரையோரத் தண்ணீர் கொதிக்கும், ஏற்றம் வந்தால் ஆறும். அதே மாதிரி மதியம் சூடேற விட்டாள், சாயங்காலம் ஆறவிட்டாள். முள்ளக்காட்டுப் பக்கம் கழிமுகத்தில் இருந்து சேறும் பாசியும் புழுவும் வாரிவந்து அலமாரியில் ஒரு தொட்டியில் கொட்டி, மேலே இருக்கிற தண்ணீர் அதற்குள் போய்ச் சுற்றி வரும்படி குழாய் போட்டாள். தண்ணீர் மாற்றுவதையே நிறுத்தினாள். குளிர் மிஷினை வாளிக்கு மாட்டிவிட்டாள். மாமியாருக்கு வாளித் தண்ணீர், பவளத்துக்குக் கடல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவள் புருஷன் கஸ்பார் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, இது தொட்டியா, சாக்கடையா?" என்று ஒரு தடவை கேட்டான். விரல் நீளத்துக்கு வந்த துண்டு தொட்டியில் பாதியை அடைத்துக்கொண்ட பிறகு அவனும் வாயைத் திறக்கவில்லை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் மெற்றில்டா நினைத்துக்கொண்டிருந்தாள். நஷ்டம் பூரணலிங்கம் அண்ணாச்சிக்கு வந்து சேர்ந்தது.

அண்ணாச்சி தெருமுனையில் நன்னாரி சர்பத்துக் கடை வைத்திருக்கிறார். பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் வெளியூர். ஐம்பது தாண்டி மெற்றில்டாவிடம் கார் ஓட்டப் பழகியவர். ஒரு ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுப்பார். அப்படி ஒரு மனுஷன். அவருக்குக் கிடைத்ததும் மெற்றில்டாவுக்குக் கிடைத்ததும் ஒரே பவளத்தின் இரண்டு பாதி, மான்கொம்பு மாதிரி கிளை விடுகிற ஜாதி. அவளது தழைத்தது, அவருடையது சோகையாகவே நின்றது. ஒருநாள் கடையில் சர்பத்தை நீட்டிக்கொண்டே, நீங்க என்னம்மா பண்ணுதீங்க, உங்க வீட்டுல மட்டும் இப்படி வருது என்று கேட்டார். கடையில் நாலு பேர் நின்றார்கள். மெற்றில்டா அவர்களை ஒரு தடவை பார்த்தாள். "விதிப்படிதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு சர்பத்தைக் குடித்தாள்.

மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நாம்தான் எங்கேயோ கோட்டை விடுகிறோம் என்று நினைத்து விதியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வாரம் ஒருமுறை மாற்றிய தண்ணீரை இரண்டு முறை மாற்றினார். பஞ்சு வைத்துப் பாறையைத் துடைத்தார். தனக்குக் காற்றாடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தொட்டி அறையில் ஏ.சி. போட்டார்.

போன மாதம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துத் தெரு முழுக்கக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் தீர்ந்ததும் அண்ணாச்சியின் தொட்டி இருபத்தெட்டுக்கு ஏறியது. இரண்டே டிகிரி. மறுநாள் பார்த்தால் அவருடைய பவளம் சுண்ணாம்பாக வெளுத்து நின்றது, அதற்கு அடுத்த நாள் செத்துவிட்டது. கரண்ட் போன அன்று மதியம் மெற்றில்டாவின் தொட்டி முப்பத்துமூன்றைத் தொட்டது. அவள் பவளம் அதைச் சட்டையே பண்ணவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்க இன்வெர்ட்டர் தாராளமாகப் போதும். ஆகவே சென்னைக்கு அவள் வீட்டில் இருந்து போனது இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு.

கேஸ் அங்கேதான் பிடித்தது. ஒரே தெரு, ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே பவளம். ஒரு வீட்டில் முடிந்திருக்கிறது, இன்னொரு வீட்டில் ஏன் முடியவில்லை? கவனக்குறைவு. அண்ணாச்சியின் வாசலில் இருந்த நீலப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். விசாரணை முடிந்தால் ஜெயில் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கடைக்கு வந்த சின்னப் பயல்கள்கூட, பவளத்தைக் கொன்னவரு என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே இருந்தார். மெற்றில்டாவிடம் மட்டும், என்ன தப்பு பண்ணேன்னே தெரியலம்மா என்றார். அவள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் கம்பி எண்ண வேண்டும், அது கிடக்கட்டும். பவளத்தைப் பறிமுதல் செய்து துறையின் கூடத்துத் தொட்டியில் கொண்டுபோய் இருபத்தாறில் வைப்பார்கள். வளராமல் நின்று, ஒரு கரண்ட் கட்டில் அண்ணாச்சியுடையது போன வழியே அதுவும் போகும். அந்த ஜாதியில் உலகத்தில் மிச்சம் இருப்பது இவள் தொட்டியில் மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு இரு, அண்ணாச்சிக்கு நல்ல வக்கீலாப் பார்ப்போம் என்று கஸ்பார் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவளும் சரி என்று தலையை ஆட்டினாள்.

வந்தவள் பெயர் உமையாள். காரைக்குடிப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். துறையின் உதவி இயக்குநர் என்றதும் மெற்றில்டா யாரோ மிடுக்கான ஆளை எதிர்பார்த்திருந்தாள். இந்தப் பெண் செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். தண்ணீரைக் குடித்தாள். அப்புறம் தொட்டிக்கு நேரே போய் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

டீ போடட்டுமா என்று மெற்றில்டா கேட்டாள். வேண்டாம் என்றாள் உமையாள். பிஸ்கட்? அதுவும் வேண்டாம். அலமாரிக் கதவின் இடுக்கு வழியாகச் சேற்று வாடை வருகிறதோ என்று மெற்றில்டாவுக்குச் சந்தேகம். ஊதுபத்தி ஏற்றி வைத்தது புத்திசாலித்தனமா முட்டாள்தனமா என்று தெரியவில்லை. அப்போது உமையாள் உள்ளங்கையைத் தொட்டியின் கண்ணாடிமேல் வைத்தாள்.

முப்பத்திரண்டு டிகிரித் தண்ணீருக்குக் கண்ணாடி எப்படி இருக்கும் என்று மெற்றில்டாவுக்குத் தெரியும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உமையாள் கையைக் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, ரெக்கார்டரை மேஜைமேல் வைத்தாள், ஆனால் இன்னும் அழுத்தவில்லை.

ஒரே ஒரு கேள்விதான் என்றாள். கரண்ட் போன அன்றைக்குத் தொட்டியை இருபத்தாறில் எப்படி வைத்திருந்தாள் என்று மெற்றில்டா சொன்னால் போதும். கூடுதல் பேட்டரி, ஜன்னலுக்கு ஈரத்துணி, எதுவானாலும் சரி. அதை வைத்துத்தான் பூரணலிங்கத்தின் மேல் உள்ள கேஸ் நிற்கும்.

மெற்றில்டா பேட்டரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்ல வரவில்லை. கடையில் நாலு பேருக்கு முன்னால் சொன்ன அந்த ஒரு வார்த்தை ஞாபகத்துக்கு வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்னொரு தடவை அதே பொய்யைச் சொல்லிவிட்டு அந்த மனுஷன் கடை வழியாக எப்படி நடந்துபோவது?

எழுந்து போய் அலமாரிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"இந்தா இருக்கு மேடம் உங்க இருபத்தாறு" என்றாள். "இந்த வாளிக்குள்ளதான். தொட்டி இருபத்தாறுல இருந்து வருஷக்கணக்காச்சு. அண்ணாச்சி ஒரு தப்பும் பண்ணல. நீங்க எழுதிக் குடுத்ததை எழுத்துக்கு எழுத்து செஞ்சாரு, அதான் செத்துப்போச்சு."

சொன்னதும் அழுகை முட்டியது. ஆனாலும் நிறுத்தாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். குளிர் மிஷின், சேறு, புழு, மதியச் சூடு, சாயங்காலக் குளிர்ச்சி, ஒன்று விடவில்லை. உமையாள் குனிந்து வாளியையும் கம்பியையும் பார்த்தாள். சேற்றுத் தொட்டியில் விரலை விட்டு ஒரு புழு நெளிவதைப் பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை. அது மெற்றில்டாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பவளத்துக்குள்ள ஒரு பாசி குடியிருக்கு மேடம்" என்றாள் உமையாள், கையைத் துடைத்துக்கொண்டே. "அதுதான் பவளத்துக்குச் சமைச்சுப் போடுது. திடீர்னு சூடு ஏறினா பாசி வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடும். பவளம் பட்டினியில வெளுத்துச் செத்துரும். தினம் கொஞ்சம் சூட்டைக் காட்டிப் பழக்கிட்டா பாசி போகாது. நீங்க பண்ணினது அதுதான். பூரணலிங்கம் சாருடையது ஒருநாள்கூட வெயிலைப் பார்க்கலை, அதனால ரெண்டு டிகிரியைத் தாங்கலை."

மெற்றில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும் என்றாள் உமையாள். அவள் போய்ப் பார்த்த வீடுகளில் எங்கெல்லாம் பவளம் செழிப்பாக இருக்கிறதோ அங்கெல்லாம் எங்காவது ஒரு வாளி இருக்கிறது. சிலர் சமையல்மேடைக்கு அடியில், சிலர் சாமிப்படத்துக்குப் பின்னால். ராமேஸ்வரத்தில் ஒருவர் மண்பானைக்குள்ளேயே ஒரு சொம்பில் வைத்திருந்தார். எல்லா வாளியும் இருபத்தாறு, இருபத்தாறு என்று சென்னைக்குச் சொல்கின்றன. சென்னையில் இருப்பவர்கள் அதைக் கூட்டிக் கழித்து, பார், இருபத்தாறில் வைத்தவன் பவளம் பிழைக்கிறது என்று விதியை இன்னும் இறுக்குகிறார்கள். இறுக்க இறுக்க வாளி கூடுகிறது.

"மேலிடத்துல சொல்ல வேண்டியதுதானே நீங்க?"

உமையாள் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க ஆபீஸ் கூடத்துல ஒரு பெரிய தொட்டி இருக்கு. மந்திரி வந்தா காட்டுறது. அதைப் பார்த்துக்கிறது நான்தான்" என்றாள். "அதுக்குக் கீழேயும் வாளிதான் இருக்கு மேடம்."

மெற்றில்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ, எந்தக் கூடத்துக்குப் போனால் தன் பவளம் செத்துவிடும் என்று தூக்கத்தில்கூட நினைத்துப் பதறினாளோ, அங்கேயும் இதே கூத்துதான். விதியை எழுதிய துறை, அதைக் காப்பாற்றுகிறவள், அதற்குப் பயந்து சாகிறவள், யாருமே அந்த விதிப்படி இல்லை. ஒரே ஒரு ஆளைத் தவிர.

"அப்போ அண்ணாச்சி?" என்றாள்.

"அவர்கிட்ட வாளி இல்லையே மேடம்."

உமையாள் அதை நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையை எழுதினால் முதலில் தன் தொட்டியைத்தான் திறந்து பார்ப்பார்கள், வேலை போகும், எல்லா வீட்டுக் கம்பிக்கும் பூட்டுப் போடுவார்கள், ஊர் ஊராகப் பவளம் போகும் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். பேட்டரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், பூரணலிங்கம் சாருக்குத் தண்டனையைக் குறைக்க என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றாள். கிட்டத்தட்டக் கெஞ்சினாள்.

மெற்றில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "தப்புப் பண்ணாதவருக்குத் தண்டனையைக் குறைக்கப்போறீங்களா?" என்றாள். எழுந்து, வாளியில் இருந்து கம்பியை உருவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் விட்டாள்.

பெட்டியில் எண் மாறத் தொடங்கியது. இருபத்தேழு, இருபத்தொன்பது, முப்பத்தொன்று. முப்பத்திரண்டில் வந்து நின்றது. அதற்கு முன்பே மாமியார் கத்த ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. நாய்கள் குரைத்தன. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

உமையாளின் போன் அடித்தது. சென்னை. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் நின்றாள். எடுக்கமாட்டாள் என்றுதான் மெற்றில்டா நினைத்தாள். எடுத்தாள். அந்தப் பக்கத்தில் இருந்து கேட்டதற்கெல்லாம் ம், ம் என்றவள் கடைசியில், "இல்ல சார், பெட்டி ரிப்பேர் இல்ல. தண்ணி முப்பத்திரண்டுதான். பவளம் நல்லா இருக்கு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்" என்று சொன்னாள். அந்தப் பக்கம் என்னவோ கத்தியது. அவள் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த ரெக்கார்டரை அழுத்தினாள்.

அப்போதுதான் வாசலில் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது.

பூரணலிங்கம் அண்ணாச்சி. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். இரண்டு கையிலும் பாலித்தீன் பை நிறைய ஐஸ், வேட்டி முழுக்க நனைந்திருந்தது, வயதான மனுஷனுக்கு மூச்சு வாங்கியது. "எம்மா, மாமியார் கத்துது, மிஷின் போச்சா?" என்றபடி உள்ளே வந்தார். "பதறாதீங்க, ஐஸ் கொண்டாந்துட்டேன். பையோட தண்ணியில மிதக்க விடுவோம். உங்களுதையாவது காப்பாத்திருவோம்."

சொல்லிக்கொண்டே தொட்டிப் பக்கம் போனவர் பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு பவளத்தைப் பார்த்தார். முப்பத்திரண்டு டிகிரியில் அது ஒவ்வொரு கிளையிலும் விரிந்து, தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. திறந்து கிடந்த அலமாரியையும் சேற்றையும் வாளியையும் பார்த்தார். அவருக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. இரண்டு பைகளில் இருந்தும் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

தலையைத் தூக்கி மெற்றில்டாவைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் அன்னைக்கு வாய்விட்டுக் கேட்டேனேம்மா" என்றார்.

மெற்றில்டாவிடம் சட்டம், ஜெயில், அந்த ஜாதியில் கடைசி என்று எத்தனையோ இருந்தது; எதுவும் அவர் முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி இல்லை. "பயந்துட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

மாமியார் கத்திக்கொண்டே இருந்தாள், அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"நானும் பயந்துதான் இருபத்தாறுல வச்சேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி ஐஸ் பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். தொட்டித் தண்ணீரில் ஒரு துளிகூடச் சிந்தாமல் அவ்வளவு ஐஸையும் பாத்திரம் கழுவுகிற இடத்தில் கொட்டினார்.